கோயில் சாவி ஒரு மணி நேரம் வேண்டும்

நம் பங்குத்தந்தைக்கும் பங்கு அருட்பணிப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

பத்தொன்பது வருடங்களாக நான் இந்தப் பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஆயர் கையால் பெறும் உறுதிப்பூசுதல் என்ற அருளடையாளத்துக்கு அவர்களைத் தயாரிப்பதும் என் பொறுப்புதான். நம் இளையோர் சேர்ந்து செபிக்க வாரம் ஒரு மணி நேரம் கோயிலைத் திறந்துவிட வேண்டும் என்று பேரவைக் கூட்டத்தில் பேச இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் திருவிழாக் கணக்கு முடியவே இரவு பத்து மணி ஆகிவிட்டது. பக்கத்துப் பங்குகளில் இருக்கும் மறையாசிரியர்களிடம் பேசினால் அங்கேயும் இதே கதைதான். அதனால் குமரிக் கடற்கரையில் யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின இரவு விடிய விடியத் தோரணம் கட்டுவது நம் இளைஞர்கள். சப்பரம் தூக்குவது அவர்கள். கிறிஸ்துமஸ் குடில், புனித வெள்ளி அன்று பாடுகளின் காட்சி, அன்பின் விருந்துக்குப் பந்தி பரிமாறுவது, வெளியூரிலிருந்து வரும் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைப்பது, எல்லாம் அவர்கள். முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். கோயில் நம்முடையது என்ற உணர்வு அவர்களுக்கு அப்படித்தான் வருகிறது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் போன ஒரு வருடத்தில் இதே பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து, தங்களுக்காக, தங்கள் மனதில் இருப்பதைச் சொல்லிச் செபித்தது எத்தனை நாள்? எனக்குத் தெரிந்து இளைஞர் இயக்கக் கூட்டத்தின் தொடக்கத்தில் சொல்லும் ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறைந்த மரியேயும்தான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அப்புறம் வரவு செலவு.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

2017 நவம்பர் 30 நம்மில் யாருக்கும் மறக்காது. அன்று புனித அந்திரேயாவின் திருநாள். மீனவராக இருந்த அப்போஸ்தலரின் நாளில்தான் ஒக்கிப் புயல் நம் கடலைப் புரட்டிப் போட்டது. எச்சரிக்கை காதுக்கு வருமுன்னே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தவர்கள் எத்தனை பேர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராகக் கோயில்தான் அன்று எல்லாமாக இருந்தது. திரும்பாத படகுகளின் பட்டியலை அங்கேதான் எழுதினார்கள், அழுததும் அங்கேதான், தேடப் போகிறவர்களுக்கு டீசலுக்குப் பணம் திரட்டியதும் அங்கேதான். நம் கோயிலிலும் பெண்களும் பிள்ளைகளும் இரவும் பகலும் செபமாலை சொன்னோம்.

அந்தப் பையன் அப்போது நான்காம் வகுப்பு. அவனுடைய பெரியப்பா கடலில் இருந்தார். "நல்லா செபம் பண்ணு மக்களே, பெரியப்பா வந்துருவாரு" என்று அவனிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அவன் மூன்று நாள் பீடத்தின் முன்னால் முழந்தாளில் இருந்தான். பெரியப்பா வரவில்லை.

பிறகு அவன் என் வகுப்புக்கு வந்தான். ஆயர் கேட்டால் சொல்வதற்கு தூய ஆவியின் ஏழு கொடைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்தான். உறுதிப்பூசுதல் முடிந்தது. மெல்ல மெல்ல அவனைக் கோயிலில் காணவில்லை. போன வருடம் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் அவனைப் பார்த்தேன். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், நான் ஒழுங்கா செபம் பண்ணாததாலதான் பெரியப்பா வரலியோன்னு எனக்கு இப்பவும் தோணுது."

ஒன்பது வயதில் அந்தப் பாரத்தைச் சுமக்கத் தொடங்கியவன். மறைக்கல்வி, புதுநன்மை, உறுதிப்பூசுதல், பீடச் சிறுவர் பணி என்று நம் கையில்தான் வளர்ந்தான். இத்தனை வருடத்தில் அவன் இதை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடத்தை நாம் யாரும் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. வருடா வருடம் ஒக்கி நினைவுத் திருப்பலிக்கு மெழுகுதிரி ஏற்றினோம். அந்த மெழுகுதிரியைக் கையில் பிடித்திருந்த பிள்ளைக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2022 மே 15 அன்று உரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தபோது கோயில் மணி அடித்து வெடி போட்டுக் கொண்டாடினோம். அவருக்கு நம்பிக்கை எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நட்டாலத்து நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். ஆடுமாடுகள் சாகின்றன, பயிர் போகிறது, ஒன்றன்மேல் ஒன்றாக இழப்பு. மனம் ஒடிந்து நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படையில் சேர்ந்த டச்சுப் படை அதிகாரி. அவர் நீலகண்டனுக்கு எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. எல்லாவற்றையும் இழந்து, கடவுளிடம் நேருக்கு நேர் வழக்காடிய மனிதனின் கதை. அங்கிருந்து தொடங்கிய பேச்சுதான் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு வரை கொண்டுபோயிற்று.

ஒருவருடைய துயரத்தைக் கேட்ட நண்பன், அந்தத் துயரத்துக்குப் பொருந்துகிற ஒரு விவிலியப் பக்கம், அவசரப்படாத பேச்சு. இவை மூன்றும் இருந்தன. இளையோர் பணி என்று நான் கேட்பதும் இதைத்தான்.

நம் செபங்களில் கேள்வி கேட்க இடமே இல்லாதது போலப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். திருப்பாடல்களைத் திறந்து காட்டினால் ஆச்சரியப்படுகிறார்கள். எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று பதின்மூன்றாம் பாடல் கேட்கிறது. எண்பத்தெட்டாம் பாடல் ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. புயலில் படகு மூழ்கப் போகும்போது சீடர்கள் தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, நாங்கள் சாகப்போவது உமக்குக் கவலையில்லையா என்றார்களே, கடற்கரைப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான செபம் எது? இதையெல்லாம் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். அவர்களோடு உட்கார்ந்து செபித்ததில்லை.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள்.

வியாழக்கிழமை தோறும் மாலை ஆறிலிருந்து ஏழு மணிவரை கோயில் சாவியை இளையோரிடம் கொடுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், கீபோர்டு வேண்டாம். நற்கருணைப் பேழை முன்னால் தரையில் பாய் விரித்து உட்காரட்டும். ஒரு திருப்பாடலை மெதுவாக வாசிக்கட்டும். தைசே செபத்தில் செய்வது போல ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிவிட்டு, பத்து நிமிடம் பேச்சில்லாமல் இருக்கட்டும். முதல் வாரம் அந்தப் பத்து நிமிடம் பத்து மணி நேரமாகத் தெரியும், எனக்கே அப்படித்தான் இருந்தது. பிறகு அன்று கடலில் இருக்கும் படகுகளின் பெயர்களையும் அதில் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபிக்கட்டும். ஒரு மாதம், அதற்கும் மேல் என்று தங்கல் வேலைக்குப் போகிற பையன் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. வியாழன் தோறும் தன் பெயர் பீடத்தின் முன்னால் கேட்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் கரையேறியதும் அவனே கோயிலைத் தேடி வருவான். வள்ளம் தள்ளுமுன் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைகிற பிள்ளைகள் இவர்கள். செபம் இவர்களுக்கு அந்நியமில்லை.

கடைசிப் பதினைந்து நிமிடம் பேச விரும்புகிறவர்கள் பேசட்டும். யாரும் பதில் சொல்ல வேண்டாம், அறிவுரை வேண்டவே வேண்டாம். ஃபாதர், நீங்கள் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் மறையுரை இல்லாமல், ஓரத்தில் ஒருவராக உட்காருங்கள். யாருக்காவது தனியாகப் பேச வேண்டும், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றால் நீங்கள் அங்கே இருப்பதே போதும்.

ஆறு மணி என்று சொன்னதற்குக் காரணம் பெண்பிள்ளைகள். நம் இளைஞர் கூட்டங்கள் இரவு எட்டரைக்கு மேல் தொடங்குவதால் நர்சிங் படிக்கிற, கடையில் வேலை செய்கிற பெண்கள் யாரும் வருவதில்லை. வருவதில்லை என்றுதான் குறிப்பேட்டில் எழுதுகிறோம், வர முடியாத நேரத்தை வைத்தது நாம் என்று எழுதுவதில்லை. ஏழு மணிக்கு முடிந்தால் அந்தந்த அன்பியத்து, அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பக் குழுவின், பிள்ளைகள் சேர்ந்தே வீட்டுக்கு நடந்துவிடலாம். பெரியவர்கள் இரண்டு பேர் எப்போதும் உடன் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், கோயில் கதவு திறந்தே இருக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

போன வருடம் இதைத் தனிப்பட்ட முறையில் கேட்டபோது, தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் நடத்தினோமே என்றார் ஓர் உறுப்பினர். நடத்தினோம், நல்ல பலனும் இருந்தது. கைதட்டிப் பாடியதில் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்தது. நான்காம் நாள் அவர்களோடு யார் இருந்தார்கள்? இன்னொருவர், பசங்க வரமாட்டாங்க டீச்சர், சாயங்காலம் கால்பந்துதான் என்றார். முதலில் ஐந்து பேர் வருவார்கள். ஐந்தே பேர் ஆறு மாதம் வரட்டும், எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிஸில் தொடங்கிய ஓசானாமுக்கு வயது இருபது, கூட இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். இன்று நம் பங்கில் அந்தச் சபையில் இருப்பவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பின் ஏழை வீடுகளுக்கு யார் போவார்கள் என்ற கவலை இந்த மடலோடு சேர்ந்ததுதான். 2025 செப்டம்பரில் கார்லோ அகுதிசோடு புனிதராக அறிவிக்கப்பட்ட பியர் ஜார்ஜியோ பிரசாத்தியும் அதே சபையின் உறுப்பினராக தூரின் நகரத்து ஏழைகளைத் தேடிப் போனவர்தான். நற்கருணை முன்னால் இரவில் விழித்திருந்து செபித்தவரும் அவரே. இருபத்து நான்கு வயதில் இறந்தார்.

திருத்தந்தை பிரான்சிஸ், இளையோரைப் பற்றி ஆயர்கள் கூடிப் பேசிய 2018 மாமன்றத்துக்குப் பிறகு, 2019இல் 'கிறிஸ்து வாழ்கிறார்' மடலை எழுதினார். இளையோர் பணியைச் செய்பவர்கள் இளையோரே, அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும், ஆனால் தங்கள் வழியில் செய்ய விட வேண்டும் என்பது அதில் அவர் சொன்னது. அமைதியையும் நற்கருணை ஆராதனையையும் இளைஞர்கள் விரும்புகிறார்கள் என்றும் எழுதினார். நம் பேரவையில் அதைக் கூட்டாக வாசித்ததில்லை. அடுத்த கூட்டத்தில் திருவிழாக் கணக்குக்கு முன்னால் அதில் ஒரு பக்கம் வாசிக்க அனுமதி கேட்கிறேன்.

பணம் என்று கேட்பது ஒன்றே ஒன்று. பத்தாம் திருவிழா இரவு மெல்லிசைக்குச் செலவழிப்பதில் சிறு பகுதியை ஒதுக்கி, ஓர் இளைஞரையும் ஓர் இளம்பெண்ணையும் ஆற்றுப்படுத்துதல் பயிற்சிக்கு அனுப்புங்கள். குடி, கடன், காதல் தோல்வி, வெளிநாட்டு வேலை என்று ஏமாந்தது, முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து கண்முன்னே நண்பன் போனது, இவற்றையெல்லாம் கேட்கத் தெரிந்த ஒரு காது நம் பங்கிலேயே இருக்கட்டும். நான் கேட்கிறேன், ஆனால் எனக்கு ஐம்பத்து நான்கு வயது. எல்லாவற்றையும் அவர்கள் என்னிடம் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பையனிடம் அன்று கடற்கரையில் நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். உன் செபத்தில் குறை இல்லை மக்களே என்று சொன்னேன். வேறு ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வியாழக்கிழமை கோயில் திறந்திருந்தால் வருவியா என்று கேட்டேன். ஆட்கள் நிறைய இல்லாவிட்டால் வருகிறேன் என்றான்.

வருகிற வியாழன் மாலை ஐந்தரைக்குச் சாவி வாங்க அறைவீட்டுக்கு வருகிறேன், ஃபாதர். இப்போதைக்கு நாங்கள் நான்கு பேர்.

இறைவேண்டலுடன்,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை