முங்கு நீச்சல் செட் பற்றிய புகார்: துண்டுச்சீட்டில் உள்ள மூன்றாவது வரியை உடனே எடுங்கள்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். தீபாவளித் தள்ளுபடியில் உங்கள் தளத்தில் ரூ. 4,290 கொடுத்து ஒரு ஸ்நார்கெல் செட் வாங்கினேன். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க், அதன் உச்சியில் செருகும் குழாய், கால் துடுப்பு ஒரு ஜோடி, கூடவே பயன்படுத்தும் முறை அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டு. இது சம்பந்தமாக ஏற்கெனவே போனிலும் பேசினேன், சாட்டிலும் எழுதினேன். "பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்று பதில் வந்தது. வெறும் பொருள் சரியில்லை என்றால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் முங்குமுன் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்லும் அந்தத் துண்டுச்சீட்டின் மூன்றாவது வரி ஆளைக் கொல்லக்கூடியது. அதற்கு வருமுன் மாஸ்க் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் பின்கோடைப் பார்த்துவிட்டு, "சார், உங்க ஊர்ல கடலே இல்லையே, எங்க யூஸ் பண்ணீங்க?" என்றார். அடுத்து வந்த மின்னஞ்சலில் "கடல் அல்லாத நீர்நிலையில் பயன்படுத்தியதால் உத்தரவாதம் பொருந்தாது" என்று புதிதாக ஒரு காரணம் முளைத்திருந்தது. கொங்கு நாட்டில் கடல் இல்லைதான். ஈரோட்டில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்து திருவனந்தபுரம், அங்கிருந்து கோவளம் கூப்பிடு தூரம். தண்ணீரும் எங்களுக்குப் புதிதல்ல. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளில் மட்டம் ஏறிவிடும். முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி உள்ளே தள்ளித்தான் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவோம். அப்புறம் மேட்டிலிருந்து குதிப்பான்கள். அதற்கும் அப்புறம், அடியில் போட்ட வெள்ளைக் கல்லைத் தம் கட்டி முங்கி எடுத்து வருவான்கள். சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் கீழே போய் வருவதைத்தான் உங்கள் பெட்டியில் ஸ்கின் டைவிங் என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதைப் பற்றிப் புகார் சொல்ல எனக்குக் கடற்கரையில் வீடு இருக்க வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பாருங்கள். இதே மாஸ்க்கைப் போட்ட ஒருவர், பாறைகளுக்கு நடுவே தலைகீழாக அடிவரை போகிறார். பக்கத்தில் "பாறைக் கரைகளில் மிதக்கவும் முங்கவும்" என்ற வாசகம். அதை நம்பித்தான் வாங்கினேன். பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு கோவளம் போனோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையில் அலையும் கலங்கலும்தான். ஜனவரியில் கடல் தெளிந்திருக்கும். கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றின் பக்கம், பாறைகள் வளைத்து வைத்த சின்ன ஒதுக்கு ஒன்றில் இறங்கினோம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மேலே மிதந்து பார்ப்பதற்கு மாஸ்க் சுகமாகத்தான் இருந்தது. குழாயை வாயில் கவ்வ வேண்டாம், மூக்கால் மூச்சு விடலாம், பக்கவாட்டிலும் நன்றாகத் தெரிகிறது. தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பார்கள். பாறை இடுக்கில் இருந்த கடல் முள்ளெலியைப் பார்த்து என் மனைவி காலைச் சுருட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். கறுப்புப் பட்டை போட்ட சின்ன மீன்கள் கூட்டமாக முகத்துக்கு நேரே வந்து திரும்பின. பாறை முழுக்க சிப்பி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. அலை உள்ளே வரும்போது நம்மைப் பாறைப் பக்கம் தள்ளும், திரும்பும்போது வெளியே இழுக்கும். அந்தப் போக்கு பிடிபட்டுவிட்டால் பயமில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்கப் பனி மூடியது. தலையும் கனத்தது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே மூக்கையும் வாயையும் மூடும் சிலிக்கோன் கிண்ணத்தில் இரண்டு பக்கமும் நகக்கண் அளவுக்கு வட்டமான ரப்பர் தடுக்குகள் இருக்கின்றன. மேலிருந்து வரும் நல்ல காற்று கண் பக்கமாக இறங்கி அந்தத் தடுக்கு வழியே உள்ளே வரும். விட்ட மூச்சு தனி வழியில் மேலே போகும். அப்படித்தானே இது வேலை செய்ய வேண்டும்? எனக்கு வந்ததில் இடது தடுக்கு மடிந்து ஓரத்தில் ஒட்டியே இருந்தது. விட்ட மூச்சு கண்ணாடிப் பக்கம் போய், அதையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். விரலால் நிமிர்த்தினால் மறுபடி மடிகிறது. படம் இணைத்திருக்கிறேன். தொழிற்சாலையிலேயே அப்படி மடிந்து வந்ததற்கு, நான் பயன்படுத்தியது எப்படிக் காரணமாகும்?

சரி, அதை வேறு மாஸ்க் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். முங்குகிற விஷயம் அப்படி இல்லை. ஒரு ஆள் ஆழம் இறங்கியதுமே காது குடைய ஆரம்பித்தது. கிணற்றில் முங்கிப் பழகிய எவனுக்கும் இதற்கு வைத்தியம் தெரியும்: மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதுக்குள் டப் என்று விடும், அப்புறம் மேற்கொண்டு இறங்கலாம். தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதிலும் முதல் சில அடிகளில்தான் காது அதிகம் படும். ஊதாமல் பிடிவாதமாக இறங்கினால் செவிப்பறை கிழியலாம். கிழிந்த காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் புகுந்தால் தலை சுற்றி மேல் எது கீழ் எது என்றே தெரியாது. உங்கள் மாஸ்க்கில் மூக்கு கெட்டியான பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கிறது. விரல் போக வழியே இல்லை. போதாக்குறைக்கு உள்ளே இருக்கும் காற்று ஒரு பெரிய அறை. ஆழம் போகப் போக அது சுருங்கி முகத்தை அமுக்குகிறது. சாதாரண மாஸ்க்கில் மூக்கால் கொஞ்சம் ஊதினால் ஈடாகிவிடும். இதை நிரப்ப நெஞ்சில் உள்ள காற்றை நிறையக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பக்கத்துப் பாறையில், கோவளத்தை ஒட்டிய மீனவ ஊரான விழிஞ்ஞத்துக்காரர் ஒருவர் சிப்பி பறித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் வலைப்பை, கையில் உளி போன்ற ஒரு இரும்பு. அவருடைய மாஸ்க் வெளுத்துப்போன பழைய ரப்பர், கண்ணாடியில் கீறல் வேறு. ஆனால் மூக்குக்கென்று மெத்தென்ற உறை இருந்தது. கீழே போகும்போது அதை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே போனார். என் மாஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழும் மலையாளமும் கலந்து, "இதுல மூக்கை எங்கே பிடிக்கும் சேட்டா?" என்றார். உங்கள் பொருளை வடிவமைத்தவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. மேலே மிதப்பதற்கு மட்டும் என்று எழுதி விற்றிருந்தால் இந்தப் பத்திக்கே வேலை இல்லை.

கால் துடுப்பைப் பற்றி ஒரே வார்த்தை. குதிகால் மூடிய அந்த வகையை வெறுங்காலில்தான் போட முடியும். பாறைக் கரையில் கொட்டலசு, அதாவது பாறையில் ஒட்டி வளரும் கூர் ஓட்டு உயிரி, கத்தியாக நிற்கிறது. துடுப்பைக் கழற்றியதும் வெறுங்காலோடு அதன் மேல்தான் ஏற வேண்டும். கெட்டியான காலுறையோடு போடும் வகையைத்தான் பாறைக் கரைக்கென்று விற்க வேண்டும்.

இப்போது அந்த மூன்றாவது வரி. தமிழில் அச்சடித்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதனால்தான் வீட்டில் எல்லோரும் படித்தார்கள். "முங்குவதற்கு முன் பத்து முறை வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை இழுத்து விடவும். இதனால் உடலில் ஆக்ஸிஜன் நிறைந்து அதிக நேரம் நீருக்குள் இருக்கலாம்." சீட்டில் உள்ள க்யூஆர் கோடைத் தட்டினால் வரும் வீடியோவிலும் பயிற்சியாளர் ஒருவர் இதையே செய்து காட்டுகிறார்.

என் அக்கா பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். ஊர் திரும்பிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தோம். மாஸ்க் எதுவும் போடாமல், சீட்டில் படித்தபடி புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு, "மாமா, எவ்வளவு நேரம் இருக்கறேன்னு பாருங்க" என்று முங்கினான். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தான். வந்து படிக்கல்லைப் பிடித்தான், சிரிக்கக்கூடச் செய்தான். அப்புறம் கண் மேலே செருகியது, கல்லைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன, மூக்கு வரை தண்ணீரில் இறங்கிவிட்டான். படியில் உட்கார்ந்திருந்த என் சித்தப்பா மகன் எட்டித் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். சில நொடிகளில் முழித்து, "எதுக்கு மாமா முடியப் புடிக்கறீங்க?" என்று கேட்டான். தனக்கு என்ன நடந்தது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. படியில் அந்த நேரம் ஆள் இல்லாதிருந்தால் நான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன், காவல் நிலையத்துக்கு எழுதியிருப்பேன்.

இது ஏன் நடக்கிறது என்பது ரகசியமல்ல. மூச்சடக்கி முங்கக் கற்றுத்தரும் எந்த நல்ல பயிற்சியாளரும் முதல் வகுப்பிலேயே சொல்வார். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு வருவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவதால் அல்ல, கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதால். ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தில் சும்மா இருக்கும்போதே ஆக்ஸிஜன் நிறைந்துதான் இருக்கிறது. பத்து முறை இழுத்தாலும் அதில் பெரிதாக ஏறாது. குறைவது கார்பன் டை ஆக்ஸைடு மட்டும். அதனால் தவிப்பு தாமதமாகிறது, ஆள் இன்னும் தெம்பாக இருப்பதாக நினைத்துக் கீழேயே இருக்கிறான், அதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து எந்த அறிகுறியும் இல்லாமல் மயக்கம். மேலே ஏறும்போது அழுத்தம் குறைவதால் நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தமும் சட்டென்று விழுகிறது. அதனால்தான் பலர் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்திலோ, மேலே வந்து தலையைத் தூக்கிய பிறகோ விழுகிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது, நீந்தத் தெரியாதவன் அவ்வளவு நேரம் கீழே இருக்கவே மாட்டான். கிணற்றிலாவது நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாறை ஒதுக்கில், அலை இழுக்கும் இடத்தில், தனியாக மீன் பார்க்கப் போனவனுக்கு இது நேர்ந்தால் யார் தூக்குவது?

என் அப்புச்சி எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்களைக் கிணற்றில் இறக்கும்போது இரண்டே சட்டம் வைத்திருந்தார். காது வலித்தால் மேலே வா. ஒருவன் முங்கினால் இன்னொருவன் மேலே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சேர்ந்து முங்கக் கூடாது. உங்கள் வழவழப்பான நாலு வண்ணச் சீட்டில் இந்த இரண்டும் இல்லை.

எனவே எனக்கு வேண்டியது இதுதான். மூன்றாவது வரியை இன்றே சீட்டிலிருந்து எடுங்கள், வீடியோவையும் இறக்குங்கள். இதுவரை இந்த செட்டை வாங்கிய எல்லோருக்கும், சீட்டில் உள்ளது தவறு, அப்படிச் செய்யாதீர்கள் என்று தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்புங்கள். எண்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன, தள்ளுபடி என்றால் ஒரு நாளைக்கு மூன்று முறை அனுப்புகிறவர்கள்தானே நீங்கள். பெட்டியில் முங்குகிற படத்தை மாற்றி, மேலே மிதப்பதற்கு மட்டும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். என் ரூ. 4,290-ஐத் திருப்பித் தாருங்கள். அதைக் கடைசியில் சொல்வதால் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

"பயன்படுத்திய பொருள்" என்ற பதில் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. என்னுடையதில் இரண்டும் இருக்கின்றன. அதே விதிகளில், புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்றும் இருக்கிறது. சாட்டில் இருந்த இயந்திரம் எனக்கு ஒப்புகை எண்கூடத் தரவில்லை. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைப்பேன், அப்புறம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி.

தடுக்கு மடிந்திருக்கும் படம், பெட்டியின் மேல்பக்கம், துண்டுச்சீட்டின் இரு பக்கங்கள், பில் ஆகியவை இணைப்பில் உள்ளன. செட்டைக் கழுவிக் காயவைத்து அதே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எடுக்க ஆள் அனுப்பினால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், பகலில் தோட்டத்தில் போன் எடுக்காது. துண்டுச்சீட்டை மட்டும் திருப்பித் தர மாட்டேன், ஆணையத்துக்குத் தேவைப்படலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்