கடிதத்தின் மூன்றாவது வரி

அன்புள்ள நண்பா,

பாப்பாவுக்கு அமெரிக்காவில் நாலு பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். தங்கச்சியிடமும் சொல். நாங்கள் நலம்தான், அதை அப்புறம் பேசலாம். இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் அந்தச் சேர்க்கைக் கடிதங்களை எடுத்து நீ அனுப்பிய போட்டோக்கள்.

நாலில் ரேங்க்கில் மேலே இருப்பதைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டவும் தயாராகிவிட்டாய். மார்க் ஷீட்டில் ரேங்க் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற பழக்கம் உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே உண்டு. அந்தக் கடிதத்தைப் பெரிதாக்கிப் படி. அவள் பெயருக்குக் கீழே மூன்றாவது வரி: மேஜர் அன்டிக்ளேர்டு. அதாவது, முக்கியப் பாடம் எது என்று இன்னும் முடிவாகவில்லை. மற்ற மூன்றிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றே போட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் பல்கலைக்கழகம்தான் கிடைத்திருக்கிறது, படிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நெட்டையன் சொன்னானாமே. அவன் படித்த காலத்தில் அது நடந்தது. இப்போது பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் கூட்டம் தாங்காமல் கதவை இறுக்கிவிட்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லியையே எடுத்துக்கொள். முன்பெல்லாம் ஆரம்பப் பாடங்களில் நாலுக்கு 3.3 சராசரி வாங்கினால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் போய்விடலாம். 2023 சேர்க்கையிலிருந்து விண்ணப்பிக்கும்போதே நேரடியாக அதற்கு இடம் வாங்குவதுதான் முக்கிய வழி. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் நேரடியாக இடம் கிடைக்காதவர்கள் பிறகு உள்ளே வருவது ரொம்ப அபூர்வம்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது இதற்கு அடுத்தது. பட்டம் முடித்த வெளிநாட்டு மாணவர்கள் அங்கே வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதியை 12 மாதத்துக்குத் தருகிறார்கள். ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த பாடமாக இருந்தால் மேலும் 24 மாதம் கேட்கலாம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்புக்கு ஒரு எண் போட்டிருக்கும், அதை வைத்துத்தான் அது ஸ்டெமா இல்லையா என்று பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் அந்தப் பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு பாடத்தில் முடித்தாள் என்றால், மூன்று வருஷம் ஒரு வருஷமாகச் சுருங்கிவிடும். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று படிப்பில் ஒரு வருஷத்தைக் கூட்டினாலோ, வெளிநாட்டுப் பிள்ளைக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடனும் கிடையாது. முழுக் கட்டணமும் உன் தலையில்தான்.

ரேங்க்குக்கு நீ நம்பும் சிஎஸ்ரேங்கிங்ஸ் என்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் தரவரிசைப் பட்டியல் தப்பானது இல்லை. பேராசிரியர்கள் முக்கியமான மாநாடுகளில் எத்தனை கட்டுரை போட்டார்கள் என்று எண்ணுகிறது. பிஎச்டிக்குப் போகிறவருக்கு அது தங்கம். முதல் வருஷ வகுப்பில் அவளுக்கு உட்கார இடம் இருக்குமா என்று அது சொல்லாது.

ஜெர்மனி இலவசம் என்று எழுதியிருந்தாய். எல்லா இடத்திலும் இல்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் இளங்கலை மாணவர்களிடம் செமஸ்டருக்கு 2,000 அல்லது 3,000 யூரோ வாங்குகிறது. அப்படியும் அமெரிக்கச் செலவுக்குப் பக்கத்தில் வராது. விசாவுக்கு ஒரு வருஷம் தங்கிச் சாப்பிடும் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டவேண்டும்.

சரி, இன்றைக்கே சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போடச் சொல். போன வருஷம் அன்டிக்ளேர்டாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? நேராகக் கேட்கட்டும். பதில் வழவழவென்று வந்தால் மற்ற மூன்றில் ஒன்றைப் பார்ப்போம். எங்கே சேர்வது என்று சொல்ல மே 1 வரைதான் நேரம். பணம் மட்டும் இப்போது கட்டிவிடாதே. பதில் வந்ததும் எனக்கு அனுப்பு, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

உன் நண்பன்