யோயென்சூவில் எனக்காகக் காத்திருந்தவர்களுக்கு

ஃபின்னிஷ் மொழியில் நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தது 'கீத்தோஸ்' என்ற ஒரே சொல்தான். பஸ் டிரைவரிடம், கடையில், வகுப்பில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் என்று எட்டு வாரமாகச் சொல்லிச் சொல்லி அதைத் தேய்த்துவிட்டேன். ஊர் திரும்பி நாலு நாள் தூங்கி எழுந்த பிறகு, தமிழில் எழுதினால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. உங்களில் பலருக்கு இதை ஏதாவது மொழிபெயர்ப்புச் செயலிதான் வாசித்துக் காட்டும். அது உளறினால் பழியை என் மேல் போடாதீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: பி.எட். படிப்பின் பகுதியாக, ஜனவரி தொடக்கத்திலிருந்து பிப்ரவரி 28 வரை கிழக்கு ஃபின்லாந்தின் யோயென்சூவில் ஒரு பள்ளியில், நான்காம் வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். சுமார் 78,000 பேர் வாழும் ஊர். 'யோயென்' என்றால் ஆற்றின், 'சூ' என்றால் வாய். ஆறு போய்ச் சேரும் ஏரி முழுக்க உறைந்துகிடந்தது. திண்டுக்கல்லில் வளர்ந்த எனக்கு, ஏரி மேல் ஆட்கள் நடந்து போவதை ஜன்னல் வழியே பார்த்ததே முதல் வாரப் படிப்பு.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஒரு தாத்தாவுக்கு. மைனஸ் 22 டிகிரியில் வழி தவறி நின்ற என்னிடம் சிக்கியவர் அவர். 'தூலிபோர்ட்டின்காட்டு எங்கே?' என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். அப்புறம், 'துல்லி' என்று ஒரே சொல்லை அழுத்திச் சொன்னார். 'துலி' என்றால் தீ, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கம். சுங்க வாயில் தெருவுக்குப் போக வேண்டியவள் காற்று வாயில் தெருவைக் கேட்டிருக்கிறேன். அவரிடம் ஒரு உதைவண்டி இருந்தது. நாற்காலிக்கு அடியில் இரண்டு நீளக் கம்பி, பின்னால் நின்று ஒரு காலால் உதைத்தால் பனியில் வழுக்கிக்கொண்டு போகும். அதில் ஏறாமல், தெரு முனை வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமோ என்று அன்றைக்கு நினைத்தேன். பேச ஒன்றும் இல்லையென்றால் பேசமாட்டார்கள், அவ்வளவுதான் என்று பிறகு புரிந்தது.

அந்த மூன்று சொல்லையும் மறுநாள் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் சிரித்து முடிந்ததும், எங்கள் ஊரிலும் இது உண்டு என்று பலகையில் எழுதினேன்: படு, பாடு, பட்டு, பாட்டு. இரண்டே முயற்சியில் நான்கையும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். 'ட' மட்டும் கொஞ்சம் 'த' ஆனது, அதைக் கண்டுகொள்ளவில்லை. என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த ஸ்பெயின்காரருக்குக் கடைசி வரை பட்டும் பாட்டும் ஒன்றுதான்.

வகுப்பாசிரியை அவர்களுக்கு. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். பிள்ளைகளே பெயர் சொல்லியோ, டீச்சர் என்பதன் சுருக்கமான 'ஓப்பே' என்றோதான் கூப்பிடுகிறார்கள். என் அம்மாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் எட்டு வாரமும் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினேன். சளி இல்லை, டீச்சர். முதல் வகுப்பில் 45 நிமிடப் பாடத்தை 20 நிமிடத்தில் முடித்துவிட்டு விழித்தேனே, அன்றைக்கு நீங்கள் குறை ஒன்றும் சொல்லவில்லை. 'கேள்வி கேட்டதும் பதிலையும் நீயே சொல்லிவிடுகிறாய். மனசுக்குள் பத்து வரை எண்ணு' என்றீர்கள். அடுத்த நாள் பின்னக் கணக்கில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தமிழில் எண்ணினேன். ஏழு எண்ணும்போது ஒரு கை உயர்ந்தது. அந்த ஏழு நொடியில் எனக்கு வியர்த்த வியர்வை திண்டுக்கல் மே மாதத்தில்கூட வந்ததில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தம்பிக்கும் ஒரு மன்னிப்பு பாக்கி. எதைக் கேட்டாலும் அவன் விசுக்கென்று மூச்சை உள்ளே இழுப்பான். ஆஸ்துமா என்று பயந்து உங்களிடம் ஓடிவந்தேன். அது மூச்சை இழுத்தபடி சொல்லும் 'யோ', அதாவது 'ஆமாம்'. இப்போது வீட்டில் அம்மா கேட்பதற்கெல்லாம் நானும் அப்படித்தான் பதில் சொல்கிறேன். மந்திரிக்கக் கூட்டிப்போகலாமா என்று பாட்டி கேட்கிறார்.

சாப்பாட்டுக்கூடத்து அக்காமாருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். என் அம்மா அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். உங்கள் நாட்டில் 1948 முதலே எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இலவச மதியச் சாப்பாடு என்று சொன்னபோது, 'நம்ம காமராஜர் 56-லதானே ஆரம்பிச்சார்' என்று அம்மாவுக்குக் கொஞ்சம் பொறாமை. உங்கள் சமையலறையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஆள் உயரப் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: 'முட்டை உண்டா?' தினமும் இல்லை, வியாழக்கிழமை பட்டாணி சூப் உண்டு என்றேன். பிள்ளைகள் தாங்களே அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள், தட்டைத் தாங்களே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதை மட்டும் அவர் இன்னும் நம்பவில்லை.

மாட்டுக்கறி சேர்ந்த நாட்களில், நான் கேட்காமலே வேறு பாத்திரத்தை விரலால் காட்டுவீர்கள். நமக்குள் பொதுமொழியே கிடையாது. ஒரு வியாழக்கிழமை நான் சூப்பில் இட்லிப்பொடி தூவுவதைப் பார்த்து ஒருவர் கையை நீட்டினார். வறட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன் மேல் பொடி. கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்று கேட்டார்.

ஒளியியல் ஆராய்ச்சிக்காக அங்கே குடியிருக்கும் தமிழ் அண்ணனுக்கும் அண்ணிக்கும்: மூன்று மணிக்கே இருட்டும் ஊரில் கோட்டில் மாட்டிக்கொள்ள ஒளிரும் பட்டை தந்தீர்கள், சனிக்கிழமை ரசம் தந்தீர்கள். நீங்கள் இரவல் தந்த கோட்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், வலது பை தையல் விட்டிருக்கிறது, மன்னியுங்கள். படிவங்களை மூன்று தடவை திருத்திய பேராசிரியை அம்மாவுக்கும் நன்றி. டிக்கெட்டுக்காக அடகுக்குப் போன என் அம்மாவின் செயின் இன்னும் மீளவில்லை. அதற்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை, முதல் சம்பளம் வரட்டும்.

அப்புறம், சாப்பாட்டுக்கூடத்து அக்கா, பொடி டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் உப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஈரக் கரண்டி போட வேண்டாம். தீர்ந்தால் டீச்சரிடம் சொல்லி அனுப்புங்கள், அம்மா இடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.