கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உறுப்பு தானம் பற்றி உங்கள் நாளிதழில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள், மகிழ்ச்சி. கொடுத்த குடும்பத்தைப் பற்றி வருகிறது, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட ஊர்களைப் பற்றி வருகிறது. வாங்கிக்கொண்டவருக்குத் தையல் நல்லபடியாக ஆறியதா என்பது மட்டும் வருவதில்லை. அறுவை அரங்கில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு என்று கொடுத்து எதிர்ப்புச் சக்தியை நாமே அடக்கி வைக்கிறோம். மற்றவர்களுக்குச் சிவந்து அடங்கிவிடும் தையல், இவர்களுக்குச் சீழ் வைத்து, ரத்தத்தில் கலந்து, உயிருக்கே உலை வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஆன்டிபயாடிக் ஊசி. பெரும்பாலான மருந்துகள் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போயிருக்க வேண்டும். வான்கோமைசின் என்ற மருந்து மெதுவாக ஏற்ற வேண்டியது, அதற்கு மட்டும் 120 நிமிடத்துக்குள் தொடங்கலாம். தோலைத் திறக்கும் நேரத்தில் மருந்து அந்தச் சதையில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் இரவு வெளியூரிலிருந்து கல்லீரல் வருவதாகத் தகவல். வார்டில் எட்டரைக்கே செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டு நோயாளியை அனுப்பிவிட்டார்கள். வந்த கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு என்று பயாப்சி (சதைப் பரிசோதனை) முடிவு வரும்வரை காத்திருந்தோம். கத்தி வைக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கேஸ் ஷீட்டில் ஊசிக்கு நேரே டிக் இருந்தது, நேரம் இல்லை. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறாம் நாள் வார்டு சிஸ்டர் டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றேன். காஸ் துணி மஞ்சளாக நனைந்து வந்தது. அந்தத் தம்பி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து பிழைத்தார். ஊசி போட்ட நேரம் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கல்லீரல் மாற்று எட்டு, பத்து மணி நேரம் போகும். ரத்தமும் நிறையப் போகும். மருந்து உடம்பை விட்டு இறங்கிவிடும். நடுவில் மறு ஊசி போட வேண்டும். அந்த நேரத்தை யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே ‘கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா’ என்ற கேள்வி இருக்கிறது. தமிழகத்தில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானம் அரசாணைகளால் முறைப்படுத்தப்பட்டதும் அதே ஆண்டுதான்.

முன்னால் கோட்டை விட்டதைப் பின்னால் நாள் கணக்கில் ஊசி போட்டு ஈடுகட்ட முடியாது. “காசு ஆனாலும் பரவாயில்லை சிஸ்டர், பவரான ஊசியா பத்து நாளைக்குப் போடச் சொல்லுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட உறவினர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் சிறுநீரகம், கல்லீரல் மாற்றுக்குத் தடுப்பு மருந்து 24 மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை என்று 2013-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்குமேல் போட்டால் நல்ல கிருமிகள் செத்து, மருந்துக்கு எளிதில் அடங்காத கிளெப்சியெல்லா மாதிரியான கிருமிகள் குடலில் குடியேறும். பிறகு நிஜமாகவே தொற்று வரும்போது கையில் கோலிஸ்டின் மாதிரி ஒருசில மருந்துகளே மிஞ்சும். கோலிஸ்டினோ சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து. தானம் தந்தவர் ஐசியுவில் பல நாள் இருந்து அவருடைய கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) கிருமி தெரிந்தால், மருத்துவர் கூடுதல் நாள் கொடுப்பார். அது சிகிச்சை, தடுப்பு அல்ல.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு ஆபத்து உண்டு. இருமலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஏறி சிறுநீரகம் கெடலாம். அதே சமயம், நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றைத் தடுக்க மாதக்கணக்கில் எழுதித்தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை, ‘ஆன்டிபயாடிக் ஆகாது’ என்று தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனைகள், எத்தனை பேருக்குச் செய்தோம் என்று சொல்வதோடு, எத்தனை பேருக்குத் தையலில் தொற்று வந்தது என்பதையும் தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானுக்குத் தரட்டும், அது மக்கள் பார்வைக்கும் வரட்டும். கேஸ் ஷீட்டில் ஊசிக்கு நேரே இருக்கும் டிக் கட்டத்தை எடுத்துவிட்டு, மணியும் நிமிடமும் எழுத இடம் விடட்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.