போபால் கழிவும் பொறுப்பேற்காதவர்களும்

ஐயா,

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் எஞ்சியிருந்த 337 டன் நச்சுக் கழிவு மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் எரித்து முடிக்கப்பட்டதைப் பற்றிய தங்கள் நாளிதழ்ச் செய்தியைப் படித்தேன். 1984 டிசம்பரில் நச்சுவாயுக் கசிவு நேர்ந்த ஆலையின் கழிவை அகற்ற 2025 வரை ஆயிற்று என்பதைச் சாதனையாகக் கருத என் மனம் ஒப்பவில்லை. 1989-இல் 47 கோடி டாலர் இழப்பீட்டோடு நிறுவனத்தின் கணக்கு முடிக்கப்பட்டது. அத்தொகை போதாது என்று 2010-இல் மத்திய அரசு தொடுத்த மறுசீராய்வு (curative) மனுவை 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்காக எடுத்திருக்க வேண்டிய காப்பீட்டை அரசே எடுக்கத் தவறியதைக் கடும் அலட்சியம் என்று கண்டித்தது. நிறுவனம் கைகழுவியது, அரசு கடமை தவறியது. இரண்டுக்கும் இடையே மக்கள்தான் மாண்டார்கள்.

போபாலுக்குப் பின், 1991-இல், அபாயகரமான பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்கு, விபத்தில் பாதிக்கப்படும் மக்களுக்கு நிவாரணம் கிடைக்கச் செய்யும் பொதுப் பொறுப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ரசாயன ஆலையின் காப்பீட்டு விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் கேட்டபோது, இரண்டு அலுவலகங்கள் மனுவை ஒன்றுக்கொன்று அனுப்பினவே தவிர, விடை வரவில்லை. ஆதலால், ஒவ்வோர் ஆலையின் காப்பீட்டுத் தொகை, அது காலாவதியாகும் நாள், விபத்துக்காலச் செயல்திட்டம், பொறுப்பு அதிகாரியின் பதவி ஆகியவற்றை ஆலை வாயிலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் எழுதி வைக்க மாநில அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்