லாட்ஸை ஏன் விடவில்லை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். லாட்வியாவின் பிரதமராயிருந்த வால்டிஸ் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் 2009 பொருளாதார நெருக்கடியில் அந்நாட்டு நாணயமான லாட்ஸின் மதிப்பைக் குறைத்திருந்தால் மக்கள் அவ்வளவு பட்டிருக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மனிதர் இயற்பியல் படித்தவர். மத்திய வங்கி வேலை, 2002-இல் நிதியமைச்சர், பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றம். 2009 மார்ச்சில் பிரதமரானபோது வயது 37. அந்நாட்டின் பெரிய வங்கிகளில் ஒன்றான பரெக்ஸ் ஏற்கெனவே நொடித்து அரசின் தலையில் விழுந்திருந்தது. ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்), ஐரோப்பிய ஒன்றியம் முதலானோர் ஒப்புக்கொண்ட 750 கோடி யூரோ கடன் தவணை தவணையாகத்தான் வரும். பட்ஜெட்டை வெட்டினால்தான் அடுத்த தவணை.

கணக்கைப் பார். ஒரு யூரோவுக்கு 0.702804 லாட்ஸ் என்று கட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கடன்களில் பெரும்பகுதி யூரோவில், சம்பளமோ லாட்ஸில். 50,000 யூரோ கடன் என்றால் 35,140 லாட்ஸ். யூரோ ஒரு லாட்ஸுக்கு ஏறியிருந்தால் அதே கடன் 50,000 லாட்ஸ், சம்பளம் அப்படியே. கடன்காரர்கள் கூட்டமாகத் தவறியிருப்பார்கள், வங்கிகளும் கூடவே சாய்ந்திருக்கும். ஆகவே நாணயத்தைத் தொடாமல் சம்பளத்தையும் செலவையும் வெட்டினார். ஆசிரியர் சம்பளம் குறைந்தது, மருத்துவமனைகள் மூடப்பட்டன, 2010 தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை.

ஆனால் பென்ஷன் விஷயத்தில் அவர் செய்தது தவறுதான். 2009 ஜூலை முதல் எல்லோருக்கும் 10 சதவீத வெட்டு. வேலை பார்த்துக்கொண்டே பென்ஷன் வாங்குபவர்களுக்கு 70 சதவீதம்! அவகாசமும் இல்லை, மாற்று வழிகளைச் சரியாக ஆராயவும் இல்லை. டிசம்பரிலேயே அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனையைக் காட்டி அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்றது. பிடித்த பணம் திரும்பப் போயிற்று. கிழவர்களின் கையிலிருந்து பிடுங்கியதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

இத்தனைக்குப் பிறகும் 2010 தேர்தலில் அவர் கூட்டணிக்கு 100-இல் 33 இடம். ஐ.எம்.எஃப். கடனை 2012 டிசம்பரிலேயே, கெடுவுக்கு முன்பே அடைத்தார். 2013 நவம்பரில் தலைநகர் ரீகாவின் சோலிடூடெ பகுதியில் சூப்பர்மார்க்கெட் கூரை இடிந்து 54 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அரசியல் பொறுப்பேற்று விலகினார். அப்புறம்தான் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியப் பதவிகள்.

நீ கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: ஊரைவிட்டுப் போனவர்கள். 2000 கணக்கெடுப்பில் சுமார் 23.8 லட்சம் பேர், 2011-இல் 20.7 லட்சம். எல்லாம் நெருக்கடியால் அல்ல, பிறப்பு குறைந்ததும் உண்டு. ஆனாலும் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போன இளைஞர்களில் பலர் திரும்பவில்லை. இதைப் பற்றி உன் கருத்தை எழுது.

அன்புடன்,
சேகர்