பேனா அவள் கையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருந்த விஷயத்துக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம். உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. பொடி எழுத்தைப் படிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றாயே, அதனால் இந்த முறை ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காலர்ஷிப்புக்குக் கட்டுரை எழுத ஒரு டியூட்டர் வைக்கலாமா, வைத்தால் அது ஏமாற்று வேலை ஆகிவிடாதா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம். ஆனால் யாரை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. என் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு விதமாக நடந்தது. ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

மூத்தவன் விண்ணப்பித்த வருடம் எனக்கு ஒன்றும் தெரியாது. யாரோ சொன்னார்கள் என்று ஒருவரிடம் போனோம். அவர் மதிப்பெண் பட்டியலையும் சான்றிதழ்களையும் வாங்கிக்கொண்டார், ஒரு மணி நேரம்கூடப் பையனிடம் பேசவில்லை. ஒரு வாரத்தில் கட்டுரை கைக்கு வந்தது. பளபளவென்று இருந்தது. நானே இரண்டு தடவை படித்துப் பெருமைப்பட்டேன். எழுத்துச் சுற்றில் தேறிவிட்டான். நேர்காணலில் எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா கட்டுரையிலிருந்து ஒரு வரியைப் படித்துவிட்டு, "இதை நீங்கள் நேரில் பார்த்த ஏதாவது ஒன்றை வைத்துச் சொல்லுங்களேன்" என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. அன்று ராத்திரி என்னிடம், "அம்மா, அது நான் எழுதினதே இல்லையே, நான் என்ன சொல்லுவேன்?" என்றான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் செய்தது தப்புதான். ஆனால் அவரைத் தேடிப் போய்ப் பணம் கட்டியது நான்.

அதனால் இளையவள் முறை வந்தபோது நான் பயந்துபோய், யாரும் வேண்டாம், நீயே எழுது என்று சொல்லிவிட்டேன். அதுவும் சரியில்லை. மூன்று வாரம் தனியாகத் தவித்தாள். மருத்துவக் கருவிகள் சம்பந்தமான பொறியியல் படிக்க ஆசை. அவள் எழுதிய முதல் வரி, "சிறு வயது முதலே மருத்துவக் கருவிகள் மீது எனக்குத் தீராத ஆர்வம்." பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வரிக்குக் கீழே யாருடைய பெயரை வேண்டுமானாலும் போடலாம்.

அப்புறம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மொழி ஆசிரியையிடம் கூட்டிப் போனேன். முதல் நாள் என்னையும் கூட உட்கார அனுமதித்தார், அதன் பிறகு இல்லை. அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நீ தேட வேண்டியது இப்படிப்பட்ட ஆளைத்தான்.

அவள் கொண்டுபோன வரைவை வாங்கிப் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "உங்க வீட்டில் யாராவது ஏதாவது கருவி பயன்படுத்துறாங்களா?" என்றார். தாத்தா காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார், ஆனால் பாதி நேரம் மேசை டிராயரில்தான் கிடக்கும் என்றாள். "ஏன்?" சாப்பிடும்போது கழற்றிவிடுவார். "ஏன்?" பாத்திரச் சத்தமும் கரண்டிச் சத்தமும் அவர் மண்டைக்குள் இடிக்கிறதாம். பழைய வகைக் கருவி, பேச்சையும் பாத்திரத்தையும் ஒரே மாதிரி பெரிதாக்கிவிடும். "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டதற்கு அவள் கொஞ்சம் தயங்கினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், தாத்தா எப்போதெல்லாம் கருவியைக் கழற்றுகிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தாளாம். நேரம், இடம், பக்கத்தில் என்ன சத்தம். 14 நாளில் 31 தடவை, அதில் 22 தடவை சாப்பாட்டு நேரத்தில். பெற்ற எனக்கே இது தெரியாது! "இதையெல்லாமா மேடம் கட்டுரையில் எழுதுவாங்க?" என்று கேட்டாள். ஆசிரியை பதில் சொல்லவில்லை. "அந்த நோட்டு இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. கட்டுரை அந்த நோட்டிலிருந்துதான் பிறந்தது.

மொத்தம் ஆறு வரைவு. ஒன்றில்கூட அந்த அம்மா ஒரு வாக்கியம் எழுதிக் கொடுக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விகள் மட்டும். "எந்த நாள்?" "இதைச் சொன்னது யார்?" "இந்த வரியை வேறு யாராவது எழுத முடியுமா?" இலக்கணப் பிழை இருந்தால் அடிக்கோடு மட்டும் போடுவார், என்ன பிழை என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வரைவையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடை, நாக்கு தடுமாறுகிற இடத்தில் உனக்குப் பழக்கமில்லாத சொல் இருக்கிறது, அதை எடுத்துவிடு என்பார். முதல் வரைவு 900 சொற்களைத் தாண்டியிருந்தது, கேட்டதோ 500. பரிசுகளையும் மதிப்பெண்களையும் பற்றிய பத்தி முழுசும் போனது. அதெல்லாம் விண்ணப்பப் படிவத்திலேயே தனியாக இருக்கிறதே, அதை இன்னொரு தடவை சொல்வானேன்? கடைசி வரைவைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "இடது காது இல்லம்மா, வலது காது." அதையும் மாற்றினாள்.

இவ்வளவு செய்தும் முதலில் போட்ட இரண்டு இடத்தில் கிடைக்கவில்லை. மூன்றாவதில் கிடைத்தது, அதுவும் முழுத் தொகை இல்லை. ஆனால் அந்த நேர்காணலில் பாதி நேரம் தாத்தாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். எந்தக் கேள்விக்கும் அவள் திகைக்கவில்லை. எனக்கு அது போதும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். டியூட்டரைத் தேடுவதற்கு முன்னால், அவள் விண்ணப்பிக்கிற ஒவ்வொரு ஸ்காலர்ஷிப்பின் விதிகளையும் உட்கார்ந்து படியுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க வைக்கும் ரோட்ஸ் உதவித்தொகையில், தன்னைப் பற்றிய கட்டுரையை வேறு யாரும் திருத்தவில்லை, அதை மேம்படுத்த யோசனைகூடச் சொல்லவில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். அங்கே நான் சொன்ன நல்ல ஆசிரியையிடம் காட்டினாலும் விதிமீறல்தான். மற்றப் பல இடங்களில் அப்படிக் கறாராக இல்லை, ஒருவர் படித்துக் கருத்துச் சொல்வதில் தவறில்லை. எதுவானாலும் விதியில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதை இல்லை.

கேட்கிற கேள்வியும் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையில் தலைமைப் பண்பு, மனிதர்களோடு தொடர்பை வளர்ப்பது, பிரிட்டனில் ஏன் இந்தப் படிப்பு, அதன் பிறகு என்ன வேலை என்று நான்காகப் பிரித்துக் கேட்பார்கள். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும், எனவே உன் மகளுக்கு இப்போதைக்குப் பொருந்தாது, பிற்காலத்துக்கு நினைவில் வைத்துக்கொள். 1946இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் படிப்பின் நோக்கத்துக்கு ஒரு கட்டுரை, தன்னைப் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்குப் பொதுவாக இருக்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் கட்டுரைக்கு உச்ச அளவு 650 சொற்கள். பிள்ளைகள் ஒரே கட்டுரையை எழுதிவைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடுகிறார்கள். "நீ யார்" என்று கேட்ட இடத்தில் "என்ன படிக்கப் போகிறேன்" என்ற பதில் போய் நிற்கிறது. படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். கேள்வியை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொல்.

டியூட்டரைப் பார்க்கப் போகும்போது அவர் எவ்வளவு பேசுகிறார், உன் மகள் எவ்வளவு பேசுகிறாள் என்று கவனி. அவரே முக்கால்வாசி நேரம் பேசினால் எழுந்து வந்துவிடு. வெற்றி நிச்சயம் என்று சொல்பவரையும், போன வருடம் ஜெயித்த கட்டுரையைக் காட்டி இதே மாதிரி எழுதலாம் என்பவரையும் நம்பாதே. பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பர்டியூ பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சித் தளம் 1990களிலிருந்தே இணையத்தில் இலவசமாக இருக்கிறது, தன்னைப் பற்றிய கட்டுரைக்கும் அதில் வழிகாட்டிகள் உண்டு. அமெரிக்காவில் படிக்க நினைத்தால் அந்த நாட்டு அரசின் எஜுகேஷன்யூஎஸ்ஏ ஆலோசனை மையங்கள் நிறைய நாடுகளில் உண்டு, அங்கே விண்ணப்பம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவளை நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியர் வாரம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்கச் சம்மதித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதலாமா என்றும் அவள் கேட்டாளாமே. விதியில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல், அது முதல் விஷயம். அனுமதி இருந்தாலும் எழுத வைக்க வேண்டாம். தாத்தா கருவியை எத்தனை தடவை கழற்றினார் என்று அதற்கு எப்படித் தெரியும்? மூத்தவனுக்கு நடந்தது அவளுக்கும் நடந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடைசித் தேதிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்லது. பரிந்துரைக் கடிதம் தருகிற ஆசிரியர்களிடம் இந்த வாரமே சொல்லிவைக்கட்டும், அவர்கள்தான் கடைசி நேரத்தில் காலை வாருவார்கள், வேண்டுமென்றே இல்லை, வேலைப்பளு அப்படி. முதல் இரண்டு வாரம் கட்டுரை என்று எதையும் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் ஒரு நோட்டில் துண்டு துண்டாக எழுதட்டும். எது நல்லது, எது அற்பம் என்று நீ சொல்லாதே. நீயும் நானும் அற்பம் என்று நினைப்பதில்தான் அவளுடைய விஷயம் இருக்கும்.

இளையவள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பாள். உன் மகளை அப்போது போன் செய்யச் சொல். தன்னுடைய ஆறு வரைவுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறாள், பென்சில் குறிப்புகளோடு சேர்த்துக் காட்டுகிறேன் என்கிறாள், முதல் வரைவு உள்பட.

என்றும் உன்
அன்புத் தோழி